வசைபாடிய ஆண் கவிஞன், வாய்திறந்த பெண் குற்றவாளி

1809ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு பேர் பிறரைக் கடுமையாக ஏசினார்கள். ஒருவர் பைரன். வயது இருபத்தொன்று, பிரபுக்கள் சபையில் அப்போதுதான் இடம் ஏற்றிருந்தார். அவருடைய தொடக்ககாலக் கவிதைத் தொகுப்பு ஒன்றை 'எடின்பரோ ரிவியூ' கிழித்துப் போட்டிருந்தது. அதற்குப் பதிலடியாக, அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரியில் தொடங்கி வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், சவுதி, ஸ்காட் என்று அன்றைய பெரிய தலைகளையெல்லாம் செய்யுளிலேயே வசைபாடி ஒரு நூலை மார்ச் மாதம் வெளியிட்டார். முதலில் நூலில் அவர் பெயர் இல்லை. எழுதியவர் யார் என்று தெரிந்த பிறகும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல் அடுத்தடுத்து நான்கு பதிப்புகள் கண்டது. இன்னொருவர், ஹெரிஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் என்ற சந்தை ஊரைச் சேர்ந்த ஜென்னி பைப்ஸ் என்ற ஏழைப் பெண். வாய் அடங்காதவள் என்று மாஜிஸ்திரேட்டுகள் தீர்மானித்து, சக்கரம் வைத்த நீண்ட மரத்தின் நுனியில் இருந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்துக் கட்டி, ஊர்வலமாக இழுத்துப் போய் ஆற்றில் முக்கி எடுத்தார்கள். கட்டை அவிழ்த்ததும் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது மாஜிஸ்திரேட்டுகளுக்கான சாபம்தான் என்று பார்த்தவர் ஒருவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் ஒரு பெண்ணை இப்படி முக்கியதற்குக் கிடைக்கும் கடைசிப் பதிவு இதுவே. அந்த மரமும் நாற்காலியும் லெம்ஸ்டர் மாதா கோயிலில் இன்றும் இருக்கின்றன.

இருவர் செய்ததும் ஒரே வேலைதான். ஆனால் பைரன் செய்ததற்கு ஆங்கிலத்தில் பெயர் அங்கதம். ஜென்னி பைப்ஸ் செய்ததற்குப் பெயர் 'ஸ்கோல்டு', அதாவது ஏச்சு. இந்தச் சொல்லின் வரலாற்றைத் தோண்டினால் வேடிக்கையான செய்தி ஒன்று கிடைக்கும் என்று மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது. கடுமையான விமர்சனத்தை ஒரு சமூகம் எப்படி எடைபோடுகிறது, எப்படி எடைபோட்டால் அநியாயமாக முடிகிறது என்பதற்கு எண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட சாட்சியம் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது. சொன்னது என்ன, அது உண்மையா என்று கேட்பதை விட்டுவிட்டுச் சொன்னது யார், எந்தத் தொனியில் என்று கேட்கத் தொடங்கிய இடத்தில்தான் அந்த அநியாயம் தொடங்கியது என்பது என் வாதம்.

'ஸ்கோல்டு' ஆங்கில மண்ணில் முளைத்த சொல் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய வடநாட்டார், அதாவது டென்மார்க், நார்வே பக்கத்து மக்கள், தங்கள் மொழியைக் கொண்டுவந்தார்கள். முட்டைக்கும் கத்திக்கும் ஜன்னலுக்கும் வானத்துக்கும் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் அவர்கள் தந்தவை. சட்டத்தைக் குறிக்கும் 'லா' என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. 'ஸ்கோல்டு' பெரும்பாலும் அவர்களுடைய 'ஸ்கால்டு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது அகராதிக்காரர்களின் கருத்து. ஸ்கால்டு என்றால் புலவன். அரசர்களின் அவையில் அமர்ந்து போரையும் கொடையையும் பாடிப் பரிசில் பெற்ற அவைப்புலவன். புகழ்பாடத் தெரிந்தவனுக்கு வசைபாடவும் தெரியும் என்பதால், 'புலமை' என்று பொருள்படும் அவர்களுடைய சொல்லே பழைய ஐஸ்லாந்துச் சட்டத்தில் செய்யுளில் செய்யும் அவதூறு என்ற பொருளிலும் வந்தது. வசைபாடுவது புலவனின் தொழிலில் ஒரு பாதியாகவே கருதப்பட்டது.

அந்தத் தொழிலுக்கு எவ்வளவு சக்தி இருந்தது என்று புரிந்துகொள்ள எகில் ஸ்கல்லகிரிம்சன் என்ற பத்தாம் நூற்றாண்டு ஐஸ்லாந்துப் புலவரின் கதையைப் பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சாகா ஒன்று அவர் வாழ்க்கையை விரிவாகச் சொல்கிறது. நார்வே அரசன் எரிக்கும் அரசி குன்ஹில்டும் தமக்கு அநீதி செய்தார்கள் என்று கொதித்த எகில், ஒரு கம்பை நட்டு அதன் உச்சியில் குதிரைத் தலையைச் செருகி, அதை நாட்டை நோக்கித் திருப்பிவைத்து, அரசனையும் அரசியையும் இந்த மண்ணின் தெய்வங்கள் துரத்தி அடிக்கட்டும் என்று சபித்து, அதை எழுத்தாகவும் செதுக்கினார். பின்னால் அரசன் நாட்டை இழந்து இங்கிலாந்தின் யார்க் நகரை ஆண்டபோது, எகில் அவனிடமே சிக்கிக்கொண்டார். தலை போக வேண்டிய இரவில் அவர் இருபது பாட்டுகள் கொண்ட புகழ்மாலை ஒன்றை இயற்றி, விடிந்ததும் அவையில் பாடித் தலையை மீட்டுக்கொண்டார். அந்தப் பாடலின் பெயரே 'தலைக்கு ஈடு' என்ற பொருள் தருவது. வசைக்காகக் கொல்ல நினைத்த அரசனே புகழுக்காக விட்டான் என்றால், இரண்டும் ஒரே நாணயத்தில் எண்ணப்பட்டன என்றுதான் பொருள்.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட முக்கியமானது. டென்மார்க் அரசன் ஹரால்டின் அதிகாரி, கரை ஒதுங்கிய ஐஸ்லாந்துக் கப்பல் ஒன்றின் சரக்கைப் பறித்துக்கொண்டான். ஐஸ்லாந்துக்காரர்களிடம் படையும் இல்லை, அரசனும் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1230 வாக்கில் எழுதிய அரசர் வரலாற்றில் காணலாம்: நாட்டில் எத்தனை மூக்கு உண்டோ அத்தனை வசைப்பாட்டு அந்த அரசன்மேல் இயற்ற வேண்டும் என்று சட்டமாகவே முடிவெடுத்தார்கள். தலைக்கு ஒரு பாட்டு. கோபங்கொண்ட அரசன் மந்திரவாதி ஒருவனைத் திமிங்கில வடிவில் உளவுக்கு அனுப்பினான் என்றும், நாகம், பெரும்பறவை, காளை, மலைராட்சதன் ஆகிய நான்கு காவல் தெய்வங்கள் திசைக்கு ஒன்றாக நின்று அவனை விரட்டின என்றும் கதை போகிறது. அந்த நான்கும் இன்றைய ஐஸ்லாந்துக் குடியரசின் அரசுச் சின்னத்தில் நிற்கின்றன. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பது எனக்கு முக்கியமில்லை. அதிகாரத்தை எதிர்க்க வேறு வழியில்லாத மக்கள் வசையைப் பொது ஆயுதமாக எடுத்தார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மரபு அது. 'ஸ்கோல்டு' என்ற சொல்லின் தாய்வீடு அந்த மரபு.

அந்த மரபைச் சுதந்திரத்தின் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. 'கிராகாஸ்' என்று வழங்கும் ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தொகுப்பு வசைக்கவிக்கு மிகக் கொடிய தண்டனை விதித்தது. இகழ்ச்சி உள்ள அரைப்பாட்டு இயற்றினாலும் போதும், சட்டத்தின் பாதுகாப்பையே முழுதாக இழக்க வேண்டும். அப்படித் தண்டிக்கப்பட்டவனின் சொத்து பறிபோகும். அவனுக்குச் சோறு போடுவதும் குற்றம். யார் வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம். புகழ்வது போல இகழ்ந்தாலும் அதே தண்டனை. அரசர்கள்மீது பாடக் கூடாது என்று தனி விதியும் இருந்தது. ஆனாலும் அந்தக் கொடிய சட்டத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. அது சொல்லைக் கேட்டது. என்ன பாட்டு, யார்மேல், அதில் இகழ்ச்சி எங்கே என்று பார்த்த பிறகே தண்டனையின் பக்கம் போனது. சொல்லுக்குச் சக்தி உண்டு என்று நம்பியதால் அதற்குப் பயந்தது. இங்கிலாந்துக்கு வந்த பிறகு இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது வேறு. அங்கே அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் இச்சொல் வாய் கெட்ட ஆளைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு மெல்ல மெல்லப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டது. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதைப் பெண்ணுக்கே உரிய சொல்லாக, கூச்சல் போடும் இழிந்த வாயுள்ள பெண் என்ற பொருளில் விளக்கினார். நம் வழக்கில் வாயாடி, சண்டைக்காரி என்கிறோமே, ஏறக்குறைய அது. ஆனால் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு: இங்கிலாந்தில் வாயாடியாக இருப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. சாண்டி பார்ட்ஸ்லி என்ற வரலாற்றாய்வாளர் இடைக்கால ஊர் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டி, 1348-49இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகுதான் இந்தக் குற்றச்சாட்டு பரவலாகிறது என்று காட்டியிருக்கிறார். பாதி ஊர் செத்துப்போய், மிஞ்சிய கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டுக் குரல் உயர்த்திய காலம் அது. 1381இல் குடியானவர் கிளர்ச்சியே வெடித்தது. கீழே இருப்பவர்களின் பேச்சைப் பற்றி மேலே இருப்பவர்களுக்கு வந்த பயம், எளிதில் அடக்கக்கூடியவர்களின் தலையில் இறங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சில ஆண்களும் இருந்தார்கள். ஆனால் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

ஆங்கிலச் சட்டத்துக்கு விரிவுரை எழுதிய பிளாக்ஸ்டன், 1769இல் வெளியான நான்காம் தொகுதியில், 'பொது ஸ்கோல்டு' என்பது அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்ற வகைக் குற்றம் என்கிறார். சட்ட லத்தீனில் இதற்குள்ள பெயர் பெண்பாலுக்கு மட்டுமே உரியது என்பதையும் கவனமாகக் குறிப்பிடுகிறார். தண்டனை, நாற்காலியில் கட்டி நீரில் முக்குவது. சண்டையும் வழக்கும் மூட்டிவிட்டுக்கொண்டே இருக்கும் ஆணுக்கும் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. அவனுக்கு அபராதம், சிறை. தண்ணீர் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் மிக மோசமான பகுதி தண்டனை அன்று, குற்றச்சாட்டின் அமைப்புதான். ஒரு பெண்ணைப் பொது ஸ்கோல்டு என்று குற்றம் சாட்ட, அவள் எந்தத் தேதியில் யாரைப் பார்த்து என்ன சொன்னாள் என்று எழுத வேண்டியதில்லை. வழக்கமாக இப்படித்தான் பேசுகிறாள் என்று பொதுவாகச் சொன்னால் போதும். அவள் சொன்ன வார்த்தை உண்மையா என்ற கேள்வி எழவே வழியில்லை, ஏனென்றால் அந்த வார்த்தையே வழக்கில் இல்லை. கோதுமையில் கலப்படம் செய்தான் என்று ஒருத்தி கடைக்காரனை ஏசியிருக்கலாம். எடையில் ஏமாற்றினான் என்றிருக்கலாம். வெறும் பொறாமையிலும் ஏசியிருக்கலாம். மூன்றும் நீதிமன்றத்தில் ஒரே இரைச்சலாகவே போய்ச் சேரும்.

தண்டனைக் கருவிகளில் நாற்காலியைவிடக் கொடியது இரும்புக் கடிவாளம். தலையைச் சுற்றி இரும்புப் பட்டைகள், வாய்க்குள் நாக்கை அழுத்தும் தகடு. சிலவற்றில் அந்தத் தகட்டில் முட்களும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் தொடங்கி வட இங்கிலாந்துக்கு இது பரவியது. 1686இல் ஸ்டாஃபோர்ட்ஷயரின் இயற்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் பிளாட், ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர், படித்த மனிதர். அவர் இந்தக் கடிவாளமே மேல் என்று எழுதினார். நாற்காலியில் முக்கினால் உடம்புக்குக் கெடுதல், அதோடு ஒரு முக்குக்கும் அடுத்த முக்குக்கும் இடையில் நாக்குக்குச் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். தொல்லை தீர்ந்தால் போதும் என்று நினைப்பவர் இப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார். அவருக்கு வேண்டியிருந்தது மௌனம்.

அந்தக் கடிவாளத்துக்குள் இருந்தவரின் வாக்குமூலமே நமக்குக் கிடைத்திருக்கிறது. டாரதி வா, வெஸ்ட்மோர்லாந்தில் வீட்டுவேலை செய்த இளம்பெண், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். 1655இல் கார்லைல் நகரச் சந்தையில் நின்று, அங்கு நடந்த ஏமாற்றையும் அநியாயத்தையும் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். மேயரின் ஆட்கள் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மேயர் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதற்கு, விவிலியத்தின் எகிப்தைச் சொல்லி, நீ இருக்கும் இடமும் அதுதான் என்ற பொருளில் பதில் சொன்னார். தலையில் கடிவாளம் ஏறியது. ஒரு ஸ்டோன், அதாவது ஆறு கிலோவுக்கு மேல் கனம் என்று அவர் சொல்கிறார். முகத்தின்மேல் மூன்று கம்பிகள், வாய்க்குள் பெரிய இரும்புத் துண்டு, கைகளைப் பின்னால் கட்டி மூன்று மணி நேரம். கடிவாளம் பூட்டிய பெண்ணைப் பார்க்க வந்தவர்களிடம் சிறைக்காவலன் ஆளுக்கு இரண்டு பென்னி வசூலித்தான். பிறகு கடிவாளத்தோடே சாட்டையால் அடித்து ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அடுத்த ஆண்டே இந்த வாக்குமூலம் அச்சில் வந்தது. அதே ஆண்டு அவர் கப்பலேறி பாஸ்டனுக்குப் போய் அங்கும் சிறைப்பட்டார். அவர் சந்தையில் சொன்ன குற்றச்சாட்டுக்குக் கார்லைல் மேயர் என்ன பதில் சொன்னார் என்று தேடினால், அந்த இரும்பைத் தவிர வேறு பதில் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இந்தப் பெண்கள் எல்லோரும் அதிகாரத்தை எதிர்த்த போராளிகளா? பெரும்பாலோர் பக்கத்து வீட்டாரோடு ஓயாமல் சண்டை போட்டவர்கள்தானே; புகார் கொடுத்தவர்களிலும் பெண்கள் இருந்தார்களே; நெருக்கமான தெருவில் விடியுமுன்பே தொடங்கும் ஏச்சைத் தாங்கிக்கொண்டு வாழ்பவருக்கு நிவாரணம் வேண்டாமா? வேண்டும். டேவிட் அண்டர்டவுன் என்ற வரலாற்றாசிரியர் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தண்டனைகள் பெருகின என்று வாதிட்டபோது, மார்ட்டின் இங்ரம் அந்தப் பெருக்கம் மிகைப்படுத்தப்பட்டது என்று மறுத்தார். ஊர்ச்சண்டை என்ற அன்றாட உண்மையை மறந்துவிடக் கூடாது என்பது அந்த மறுப்பின் சாரம். அதை ஏற்கிறேன். ஜென்னி பைப்ஸ் சொன்னதெல்லாம் நீதிக்குரல் என்று எந்த ஆவணமும் இல்லை. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதே தவிர அதை உடைக்கவில்லை. வெறும் வம்புச்சண்டையையும் நியாயமான கண்டனத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் நீதிமன்றத்தின் வேலை. பிரித்துப் பார்க்க வேண்டிய சொற்களைக் கேட்கவே மாட்டேன் என்று தொடக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்ட சட்டம், தொல்லை கொடுத்தவளையும் சந்தையின் ஏமாற்றைச் சொன்னவளையும் ஒரே நாற்காலியில் கட்டியது. ஆவணத்தில் அவர்கள் சொன்னது இல்லை என்பதாலேயே அவர்கள் சொன்னது அற்பம் என்று இன்று முடிவுகட்டுவது, அந்த அநியாயத்தை இரண்டாம் முறை செய்வதாகும்.

இதே காலத்தில் படித்த ஆண்களின் கடுஞ்சொல்லுக்கு என்ன மதிப்பு கிடைத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1802இல் தொடங்கிய 'எடின்பரோ ரிவியூ', குற்றவாளியை விடுவித்தால் நீதிபதிக்கே கேடு என்ற பொருளுள்ள லத்தீன் வாசகத்தைத் தன் முத்திரையாக வைத்துக்கொண்டது. விமர்சகன் நீதிபதி இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டான். 1818இல் 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகை, மருந்துக்கடைத் தொழில் படித்த இளங்கவிஞர் கீட்ஸைப் பார்த்து மருந்துக்கடைக்கே திரும்பிப் போ என்று எழுதியது. அதில் கவிதை விமர்சனத்தைவிடச் சாதிப்பேச்சு போன்ற குலப்பேச்சுதான் அதிகம். எழுதிய லாக்ஹார்ட் தம் பெயரையே போடவில்லை. அவருக்கு நேர்ந்தது என்ன? 1825இல் 'குவார்ட்டர்லி ரிவியூ' என்ற இன்னும் பெரிய பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். பெயர் மறைத்து, கீழே இருப்பவனைப் பார்த்து, பிறப்பைச் சொல்லி ஏசியது இலக்கியம். முகம் காட்டி, மேலே இருப்பவரைப் பார்த்து, சந்தையில் நின்று ஏசியது குற்றம்.

சொல்லின் பிறப்பை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சொல் எங்கிருந்து வந்தாலும் இன்று என்ன பொருளில் வழங்குகிறதோ அதுதானே பொருள் என்பார்கள். சரிதான். 'ஸ்கால்டு' என்ற சொல்லே முதலில் ஏசுவதைக் குறித்துப் பிறகுதான் புலவனுக்கு ஆகியிருக்கலாம் என்று கருதும் மொழியறிஞர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனிலும் டச்சிலும் ஏசுதலுக்கு அதே சாயலில் சொற்கள் உள்ளன. அப்படியே இருந்தாலும், ஏச்சும் கவிதையும் ஒரே வேரில் நின்றன என்பது மாறாது. என் வாதம் பிறப்பில் நிற்கவில்லை. அந்தச் சொல் நடந்துவந்த பாதையில் நிற்கிறது. இன்றைய வழக்கையே பாருங்கள். ஆங்கிலத்தில் இது வினையாக வரும்போது, ஆசிரியர் மாணவனைக் கண்டிக்கிறார், தாய் பிள்ளையை அதட்டுகிறாள், அதிகாரி ஊழியரைக் கடிந்துகொள்கிறார்: மேலிருந்து கீழே செல்லும் உரிமை, பல சமயம் கடமை. அதுவே பெயராக வரும்போது ஒருவரின் குணக்கேட்டைக் குறிக்கிறது. கேட்க உரிமை இல்லாத இடத்திலிருந்து கேட்டவரின் நெற்றியில் ஒட்டப்படுகிறது. வினை அதிகாரத்தில் உள்ளவருக்கு, பெயர் அதிகாரம் இல்லாதவருக்கு. சட்டம் போன பிறகும் அந்தப் பங்கீடு மொழியில் இருக்கிறது.

கடைசியாக வரும் ஆட்சேபமே கனமானது. கடுஞ்சொல்லுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் பொதுப்பேச்சு நாறிவிடாதா? இன்று சமூக ஊடகங்களில் வாய்கூசும் ஏச்சை அதிகம் வாங்குவதே பெண்கள்தானே. தொனிக்கு வரம்பு வேண்டாம் என்பது அவர்களுக்கே கேடாக முடியாதா? இந்தக் கவலையை நான் தள்ளவில்லை. ஆனால் அங்கே உண்மையில் தவறு எது என்று பாருங்கள். மிரட்டல் தவறு. பொய் தவறு. ஒருத்தியின் உடலையும் பிறப்பையும் சொல்லி இழிவுபடுத்துவது தவறு. பெயரை மறைத்துக் கூட்டமாக ஒருவர்மேல் பாய்வது தவறு. இவை எல்லாமே சொல்லப்பட்டதன் உள்ளடக்கத்தையும் அது தாக்கும் ஆளையும் கேட்டால்தான் பிடிபடும். தொனியை மட்டும் அளந்தால், மென்மையான மொழியில் சொல்லப்படும் மிரட்டல் தப்பித்துவிடும். உரத்த குரலில் சொல்லப்படும் உண்மை மாட்டிக்கொள்ளும். நாகரிகமாகப் பேசு என்ற அறிவுரை தன்னளவில் நல்லது. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க அதைப் பயன்படுத்தும்போதுதான் அது கடிவாளமாகிறது.

வாஷிங்டனில் 1829இல் நடந்த வழக்கு ஒன்று இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டுகிறது. ஆன் ராயல் அப்போது அறுபது வயது விதவை. கணவரின் சொத்து அவருக்கு உரியதில்லை என்று தீர்ப்பாகி, கையில் காசில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பயண நூல்கள் எழுதி, தாமே விற்று வாழ்ந்தவர். தேவாலயம் அரசாங்கத்துக்குள் நுழைவதை விடாமல் எதிர்த்து எழுதினார். கிறிஸ்தவர்கள் ஒரு கட்சியாகத் திரண்டு கிறிஸ்தவர்களையே ஆட்சியில் அமர்த்த வேண்டும் என்று எஸ்ரா எலி என்ற பாதிரியார் பிலடெல்ஃபியாவில் பிரசங்கம் செய்திருந்த நேரம் அது. ராயலின் வீட்டருகே கூடிய பிரஸ்பிட்டீரியன் சபையார் அவருடைய ஜன்னலடியில் ஜெபித்தார்கள்; பையன்கள் கல்லெறிந்தார்கள்; அவர் வாய்விட்டு ஏசினார். அவர் பேச்சு மென்மையானது என்று அவரை நேசித்தவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். சபையார் வழக்குத் தொடுத்தார்கள். இந்தச் சட்டம் செத்துப்போனது என்று வாதிட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் பொது ஸ்கோல்டு என்று தீர்ப்பாயிற்று. கடற்படைத் தளத்தில் முக்கு நாற்காலியே செய்துவைத்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் வேறொரு பெண்ணுக்கு விதித்த முக்குத் தண்டனையை ரத்து செய்திருந்தது. வாஷிங்டன் நீதிபதி கிராஞ்சும் நாற்காலியை விட்டுவிட்டுப் பத்து டாலர் அபராதமும் நன்னடத்தைக்குப் பிணையும் விதித்தார். பத்திரிகைக்காரர்கள் பணம் கட்டினார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 19 அன்று, அதே நகரத்தில், ரிச்சர்ட் ஜான்சன் என்ற செனட்டர் ஒரு குழு அறிக்கையைத் தாக்கல் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தபால் போக்குவரத்தை நிறுத்த வேண்டும் என்று சபைகள் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் அது. எந்த நாள் புனிதம் என்று தீர்மானிப்பது அரசின் வேலை இல்லை, மதமும் சட்டமும் கலந்தால் இரண்டும் கெடும் என்பது அறிக்கையின் சாரம். ராயல் ஜன்னலில் நின்று கத்தியதன் உட்பொருளும் ஏறக்குறைய அதுவே. செனட்டரின் அறிக்கை நாடெங்கும் அச்சிட்டுப் பரப்பப்பட்டது. சில ஆண்டுகளில் அவர் துணை ஜனாதிபதி ஆனார். அறிக்கையை எதிர்த்தவர்களும் அதன் வாதத்துக்குப் பதில் வாதம் எழுதினார்கள். ராயலுக்கு யாரும் பதில் எழுத வேண்டியிருக்கவில்லை. சாட்சிக்கூண்டில் ஏறி அவர் எப்படிப் பேசுவார் என்று சொன்னால் போதுமாக இருந்தது. அவர் 1831இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகையும் 1836இல் இன்னொன்றும் தொடங்கி, 1854இல் இறக்கும் வரை வாஷிங்டனின் லஞ்சத்தைப் பெயர் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். அவரைத் தண்டித்த குற்றத்தை இங்கிலாந்து தன் சட்டத்திலிருந்து நீக்கியது 1967இல்; பெண்ணை மட்டுமே குறிவைக்கும் இந்தக் குற்றம் செல்லாது என்று நியூ ஜெர்சி நீதிமன்றம் ஒன்று சொன்னது 1972இல்.